வியாழக்கிழமை நிறங்கள்

ஜனவரி 6, திங்கள்

இன்று நிரஞ்சன் என்னை "மேடம்" என்று கூப்பிட்டான். கூப்பிட்டார் என்றுதான் இனி எழுத வேண்டும் போலிருக்கிறது. பெரிய முதலாளியின் தங்கை மகன். எட்டு வயதில் மெஷின் ஷாப்பில் ஓடி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு அழுதபோது டிங்சர் வைத்துவிட்டவள் நான். அப்போது "மங்கைக்கா". இன்றைக்கு எங்கள் பம்புக் கம்பெனியின் எம்.டி. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "மேடம், உங்க ஆபீஸ் என்ன செய்யுதுன்னு எனக்கு ஒருக்கா சொல்றீங்களா?" என்று கேட்கிறார்.

சொன்னேன். நாற்பது நிமிஷம், படம் போட்டே சொன்னேன். பி.எம்.ஓ., அதாவது புராஜெக்ட் மேனேஜ்மென்ட் ஆபீஸ் என்றால் கம்பெனியில் நடக்கும் அத்தனை திட்டங்களையும் ஒரே இடத்திலிருந்து கண்காணிக்கிற அலுவலகம். புதுப் பிளான்ட் கட்டுவது, சாஃப்ட்வேர் மாற்றுவது, குடோனை இடம் மாற்றுவது என்று இப்போது ஒன்பது திட்டங்கள், ஒன்பது மேனேஜர்கள். வியாழக்கிழமை மாலை நாலு மணிக்குள் ஒவ்வொருவரும் தன் திட்டத்தின் நிறத்தை எனக்கு அனுப்ப வேண்டும். ஒழுங்காகப் போனால் பச்சை, கொஞ்சம் தடுமாறினால் மஞ்சள், சிக்கல் என்றால் சிவப்பு. சிவப்பு போட்டவர் காரணப் படிவத்தை நிரப்பி, வெள்ளிக்கிழமை ரிவ்யூவில் எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும். நாற்பத்திரண்டு கேள்விகள். ஒவ்வொன்றும் நான் யோசித்து எழுதியது. எதிலிருந்தும் நழுவ முடியாது.

"பதினாலு மாசமா ஒரு சிவப்புகூட வரலை. வாரத்துக்கு ஒரே ஒரு மஞ்சள். அதுவும் அடுத்த வாரமே பச்சையாயிடும்" என்று முடித்தேன். பெரிய முதலாளியாக இருந்தால் மேஜையைத் தட்டியிருப்பார்.

நிரஞ்சன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்புறம் ஏனுங்க போன வருஷம் முடிஞ்ச ஆறு திட்டத்துல நாலு லேட்டு?"

லேட் இல்லை. தேதி முறைப்படி மாற்றப்பட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கையெழுத்து இருக்கிறது. அதைச் சொன்னதும் தலையாட்டினார். எனக்கு அந்தத் தலையாட்டல் பிடிக்கவில்லை.

மிக்ஸி ஜாரின் பிளேடு மழுங்கிவிட்டது. மாற்றிக்கொண்டு வரச் சொல்லி வீட்டுக்காரரிடம் மூன்றாவது தடவையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 9, வியாழன்

நாலு மணிக்கு ஒன்பதும் வந்துவிட்டன. எட்டு பச்சை. இந்த வார மஞ்சள், ஷாகுல் ஹமீதின் சாஃப்ட்வேர் திட்டம். போன வாரம் மஞ்சளாக இருந்த குடோன் இப்போது பச்சை.

நிறங்களை அட்டவணையாக்குவது என் அலுவலகத்தில் இருக்கும் வாணி. அவளிடம், "பாரு, ஒரே வாரத்துல எப்படிச் சரி பண்றாங்க" என்றேன்.

"ஆமாங்க மேடம். வாரா வாரம் கரெக்டா ஒருத்தருங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயது. வேலையின் அருமை தெரிய இன்னும் நாளாகும்.

ஜனவரி 17, வெள்ளி

பொங்கல் லீவு முடிந்து முதல் ரிவ்யூ. நிரஞ்சன் கடைசியில் என்னை மட்டும் இருக்கச் சொன்னார்.

"மேடம், மேனேஜருங்க உங்ககிட்ட வர்றது உதவி கேக்கவா, ஒப்பிக்கவா?"

"ரெண்டுக்கும்தான்."

"உதவி கேட்டு யாரு வந்தாங்க? கடைசியா?"

ஒரு பெயர்கூட நாக்கில் வரவில்லை. திடுதிப்பென்று கேட்டால் யாருக்குத்தான் வரும்.

மற்ற கம்பெனிகளில் எல்லாம் பி.எம்.ஓ.வை மூடுகிறார்களாம், நிரஞ்சன் சொன்னார். இல்லையென்றால் அடியோடு மாற்றுகிறார்களாம். மேலே உட்கார்ந்து கேள்வி கேட்கிற அலுவலகம் இனிமேல் யாருக்கும் வேண்டாமாம், பக்கத்தில் நின்று வேலையை நகர்த்துகிற அலுவலகம்தான் வேண்டுமாம். பத்து வாரம் என் ஆட்கள் திட்டங்களுக்குள்ளேயே போய் உட்கார வேண்டும். மார்ச் 28ஆம் தேதி, எங்கள் அலுவலகம் இருக்கலாமா மூடலாமா என்று முடிவு.

வாணி ஷாகுலிடம். நான் அரசூர் புதுப் பிளான்ட்டில், அதன் மேனேஜர் தண்டபாணியிடம்.

பதிமூன்று வருஷமாக நான் கட்டிய அலுவலகம். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னபோது கோபமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன்.  பாதியில் இவர் டி.வி.யை அணைத்தார். அதற்கே எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜனவரி 20, திங்கள்

தண்டபாணியும் நானும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இருபத்தெட்டு வருஷம். அவர் வீட்டு அரிசிம்பருப்பு சாதத்துக்கு நான் அடிமை என்று கேண்டீன் முழுக்கக் கேலி பண்ணுவார்கள். இரண்டு வருஷமாக அவர் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. சுகர் வந்துவிட்டது, டயட் என்று கேள்வி.

இன்று போய் இறங்கியதும், "வாங்க மேடம். உங்களுக்கு என்ன ரிப்போர்ட் வேணுமுங்க?" என்றார்.

"ரிப்போர்ட் வேண்டாம். உங்களுக்கு என்ன வேலை ஆகணும்னு கேக்கத்தான் வந்தேன்."

அவர் என்னை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. யோசித்துவிட்டு, மின்வாரிய அனுமதிக் கடிதம் ஐந்து வாரமாக நகரவில்லை, கேட்டில் வண்டிப் பதிவேடு எழுத ஆளில்லை என்றார். ஒரு மேலாளரிடம் சொல்கிற வேலையா இவை? இரண்டையும் எடுத்துக்கொண்டேன்.

மத்தியானம் என் டிபன் பாக்ஸைத் திறந்தபோது அவர் போனில் பேசிக்கொண்டே வெளியே போனார். அவர் தட்டில் அரிசிம்பருப்பு சாதம்தான் இருந்தது. டயட் போலத் தெரியவில்லை.

ஜனவரி 29, புதன்

மின்வாரிய அலுவலகத்துக்கு நாலாவது தடவை போனேன். இன்று கடிதம் கையில். ஒரு வரைபடத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். ஐந்து வாரமாக அதை யாரும் போய்க் கேட்கவில்லை. கொண்டுவந்து கொடுத்ததும் தண்டபாணி கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்களே போனீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். டீ வரவழைத்துக் கொடுத்தார். சீனி போட்டதுதான் அவரும் குடித்தார்.

என்னவோ எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

பிளான்ட்டின் நடுவே சோதனைத் தொட்டி. தரைக்குள் முப்பது அடி ஆழம். பம்பை உள்ளே இறக்கி ஓட்டிப் பார்க்க. கட்டி முடித்து நாற்பது நாள் ஆகிறது. மார்ச் 26 அன்று நைரோபியிலிருந்து ஆர்டர் கொடுத்தவர்களே நேரில் வந்து பார்க்கப் போகிறார்கள். எழுபத்திரண்டு மணி நேரம் பம்பு நிற்காமல் ஓட வேண்டும், அந்த நேரத்தில் தொட்டியில் வெளித்தண்ணீர் ஒரு குடம்கூடச் சேர்க்கக் கூடாது. அதில் தேறினால்தான் பிளான்ட்டுக்கே வேலை.

அரசூர் நேற்றும் பச்சை. பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. தரை பளபளவென்று, கிரேன் வந்தாயிற்று. கேட் பதிவேட்டில் தினம் காலை ஏழு மணிக்கு ஒரு தண்ணி லாரி. எதற்கு என்றேன். "க்யூரிங்குங்க" என்றார் வாட்ச்மேன். சிமெண்டுக்குத் தண்ணீர் விடுகிறார்களாம்.

பிப்ரவரி 13, வியாழன்

ஒன்பது நிறங்கள். ஒரு மஞ்சள். பழக்க தோஷம், நான்கு மணிக்குக் கை தானாகப் போனைத் திறக்கிறது.

பிப்ரவரி 22, சனி

மோர் மிளகாய் போட்டேன். மொட்டை மாடி முழுக்க என் ராஜ்யம். இவர் காக்கை விரட்டுகிறேன் என்று நாற்காலியோடு மேலே போய்த் தூங்கிவிட்டார்.

காலையில் பிளான்ட்டுக்குப் போயிருந்தேன், தண்ணி லாரி இன்றும். பதிவேட்டில் நான் வந்த நாளிலிருந்து எண்ணினேன். முப்பத்திநாலு. கான்கிரீட்டுக்கு இத்தனை நாள் க்யூரிங் உண்டா என்று எனக்குத் தெரியாது. நான் சிவில் படித்தவள் இல்லை. கேட்டால் சந்தேகப்படுகிறேன் என்று ஆகும். இப்போதுதான் மனிதர் முகம் கொடுத்துப் பேச ஆரம்பித்திருக்கிறார்.

மார்ச் 3, திங்கள்

வாணி போன் செய்தாள். ஷாகுல் குழுவோடு நன்றாக ஒட்டிக்கொண்டாளாம். "மேடம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்றாள். சொல்லு என்றேன். "நேர்ல சொல்றேனுங்க" என்று வைத்துவிட்டாள். கல்யாணப் பேச்சாக இருக்கும்.

மார்ச் 10, திங்கள்

லாரிக்காரனுக்கு ஞாயிறும் இன்றும் வண்டி ரிப்பேர். வரவில்லை.

சனிக்கிழமை தொட்டிக்குள் இறங்கும் இரும்பு ஏணியில் இரண்டு படி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. இன்று காலை நாலு படி. நின்று எண்ணினேன். மறுபடி எண்ணினேன். பிறகு ஆபீஸ் ரூமுக்கு வந்து ஒரு மணி நேரம் ஏதோ ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். என்ன ஃபைல் என்று இப்போது கேட்டால் தெரியாது.

மார்ச் 11, செவ்வாய்

கேட்டுவிட்டேன். எல்லாரும் சாப்பிடப் போன நேரம். தொட்டி ஓரத்தில் இரண்டு பேரும் நின்றோம்.

"எத்தனை நாளாங்க ஒழுகுது?"

தண்டபாணி மறைக்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. "ரொப்புன அன்னைக்கே தெரியுமுங்க. சுவரும் தரையும் சேர்ற எடத்துல தண்ணி கசியாமத் தடுக்கற பட்டையை வெக்காம கான்கிரீட் போட்டுட்டாங்க. பத்து வாரம் ஆச்சு."

"என்ன செய்யறதா இருந்தீங்க?"

"மேல பூசிப் பாத்தேனுங்க, மூணு தடவை. நிக்கலை. ஒழுகலை அடைக்க இன்னொரு மருந்து வருது. நின்னுக்கும்னு ஒரு நம்பிக்கை."

"முழுசாச் சரி பண்ண?"

"தண்ணியை எறச்சு, சுத்தியும் வெட்டி, திரும்பப் போடோணும். ஆறு வாரம்."

இன்றைக்குப் பதினைந்தாம் நாள் நைரோபிக்காரர்கள் வருகிறார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒரு சிவப்புப் போட்டிருந்தா பத்து வாரம் கிடைச்சிருக்குமே! ஏன் சொல்லலை?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. "ரெண்டு வருஷம் முன்னாடி சூலூர் ஷெட்டுக்கு நான் சிவப்புப் போட்டனுங்க. மூணு மாசம் முன்கூட்டியே போட்டேன். நாப்பத்திரண்டு கேள்விக்கும் நின்னுட்டே பதில் படிச்சேன். எனக்குக் கீழ வேலை பாக்கற பசங்க எட்டுப் பேரு முன்னாடி. முப்பதாவது கேள்வில தண்ணி குடிச்சுட்டு வந்துர்றேனுங்கன்னு கேட்டேன். 'முடிச்சுட்டுப் போங்க'ன்னீங்க. அந்த வருஷம் என் புரமோஷன் நின்னு போச்சு. உங்களுக்கு ஞாபகம் இருக்காது."

இல்லை என்று சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை பச்சைன்னே உட்ருங்க மேடம். மருந்து வந்துரும். சிவப்புன்னு சொன்னா எனக்கு வேலை போயிரும். உங்களுக்கும்தான். பதினாலு மாசமா எல்லாம் பச்சைன்னு சொன்னது நீங்கதானுங்களே."

மார்ச் 12, புதன்

ஞாபகம் இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

வாணியை வரச் சொன்னேன். கல்யாணம் இல்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

ஒன்பது மேனேஜர்களுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் நான் இல்லை. புதன்கிழமை ராத்திரிக்குள் இந்த வாரம் யார் மஞ்சள் என்று அதில் முடிவாகிவிடும். ஒன்பது வாரத்துக்கு ஒரு சுற்று, வரிசைப்படி. எல்லாரும் பச்சை போட்டால் மேடத்துக்குச் சந்தேகம் வரும் என்று ஒருத்தர் மட்டும் மஞ்சள். அடுத்த வாரம் அவர் பச்சைக்குத் திரும்பிவிடுவார். ஒருத்தர் ஊருக்குப் போகிறார் என்றால் முறையை மாற்றிக்கொள்வார்களாம். நிஜமாகவே திட்டம் எப்படி இருக்கிறது என்பதற்கும் நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேனுங்க மேடம். ஜனவரிலயே சொன்னனே, கரெக்டா ஒருத்தருன்னு."

நான் அந்த அட்டவணையைப் பெரிய முதலாளிக்குக் கலர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவர் பிரேம் போட்டு மாட்டச் சொன்னார். மாட்டியும் இருக்கிறது.

சிரிப்பு வந்தது. வாணியும் சிரித்தாள், பயந்துகொண்டே. அப்புறம் அவள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டேன். இவர்கள் பொய்யர்கள் இல்லை. ஒவ்வொருவரையும் எனக்குத் தெரியும். ஷாகுல் கேண்டீனில் மிச்சம் வந்த இரண்டு ரூபாயைக்கூடத் திருப்பிக் கொடுக்கிறவர். என்னிடம் உண்மை சொல்வதை இவ்வளவு கஷ்டமான காரியமாக ஆக்கி வைத்தது யார்?

சாயங்காலம் தண்டபாணிக்குப் போன் செய்தேன். "நாளைக்கு நான் சிவப்புன்னு சொல்லப்போறேன். உங்களைக் கேக்காம சொல்லக் கூடாதுன்னுதான் கூப்பிட்டேன்."

 "கேக்கறீங்களா, சொல்றீங்களா?" என்றார்.

"சொல்றேன்."

"சரிங்க" என்று வைத்துவிட்டார்.

மார்ச் 14, வெள்ளி



ரிவ்யூவில் அரசூர் முறை வந்தபோது தண்டபாணி எழுந்திருக்கப் போனார். நான் முந்திக்கொண்டேன். தொட்டி ஒழுகுகிறது, ஆறு வாரம் வேண்டும், 26ஆம் தேதி சோதனை நடக்காது என்றேன். பத்து வாரமாகத் தெரிந்தும் ஏன் வெளியே வரவில்லை என்று நிரஞ்சன் கேட்கும் முன்பே அதையும் சொன்னேன். சிவப்பு போட்டவரை இந்த அறையில் நான் என்ன செய்தேன் என்று சொன்னேன். சூலூர் ஷெட்டைப் பற்றி, தண்ணீர் கேட்டதைப் பற்றி. பதினாலு மாத நிறங்களை யாரும் நம்ப வேண்டாம், அதற்குப் பொறுப்பு என் அலுவலகம், வேறு யாரும் இல்லை என்றேன். சுற்று முறையைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒன்பது பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொல்ல மாட்டேன் என்று தெரிந்த பிறகு ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள்.

 பேசி முடிக்கும் வரை மேஜையைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

நிரஞ்சன் தண்டபாணியிடம், "சார், உங்களுக்கு என்ன வேணும்?" என்றார். தண்டபாணி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தொட்டி வேலை தெரிந்த இன்னொரு காண்டிராக்டர், ஆறு வாரம், நைரோபிக்கு யாராவது பேச வேண்டும் என்றார். மூன்று வாக்கியம். பத்து வாரம் சொல்லாமல் வைத்திருந்தது அந்த மூன்று வாக்கியத்தைத்தான்.

வெளியே வந்ததும் நன்றி சொல்வார் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்தேன் போல. அவர் நேராக ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். ஏமாற்றமாகத்தான் இருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

நைரோபிக்காரர்கள் மே மாதம் வரச் சம்மதித்துவிட்டார்கள். இன்னும் விமான டிக்கெட் எடுக்கவில்லையாம், முன்னாலேயே சொன்னதற்கு நன்றி என்றார்களாம். தொட்டியில் தண்ணீர் இறைக்க ஆரம்பித்தாயிற்று. தண்டபாணிக்கு வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று. எனக்கும் ஒன்று. இருபத்தெட்டு வருஷத்தில் முதல் கடிதம்.

இவர் மிக்ஸி பிளேடு மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். அதை இன்று போய்ச் செய்தாரே என்று இருந்தது.

மார்ச் 28, வெள்ளி

முடிவு நாள்.

மூடுகிறேன் என்றும் சொல்லவில்லை, இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை. நிரஞ்சன் சொன்னது இதுதான். ஏப்ரல் முதல் வியாழக்கிழமை நிறம் கிடையாது. படிவம் கிடையாது. யாரும் என்னிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. என் ரூம் இருக்கும், வாணி இருப்பாள். ஏப்ரல் முடிவதற்குள் ஒன்பது பேரில் ஒருத்தராவது தானாக வந்து உதவி கேட்டால் அலுவலகம் தொடரும். ஒருத்தரும் வரவில்லை என்றால் மூடிவிட்டு என்னை ஆடிட் பிரிவுக்கு மாற்றிவிடுவார். அதே பதவி, அதே மரியாதை.

"நீங்க யாரையும் கூப்பிடக் கூடாதுங்க. நானும் அனுப்ப மாட்டேன்" என்றார்.

மூடியிருந்தால்கூடத் தேவலை. பெண் பார்க்க வருகிறவர்களுக்காகச் சேலை கட்டிக்கொண்டு காத்திருக்கிற மாதிரி இந்த வயதில் ஒரு மாதம் உட்கார வேண்டும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

யாரும் வரவில்லை. முதல் நாள்தானே.

ஏப்ரல் 3, வியாழன்

நாலு மணிக்குப் போன் சத்தமே இல்லை. வாணி அலமாரியை ஒழித்தாள். நிரப்பிய காரணப் படிவங்கள் பதினேழு கிடைத்தன. எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தேன். யாரும் திருட்டுத்தனம் செய்யவில்லை. மழை வந்திருக்கிறது, பொருள் வரவில்லை, ஆள் போதவில்லை. பதினேழிலும் ஓரத்தில் சிவப்பு மையில் என் கையெழுத்தில் கேள்விகள். ஓர் இடத்தில்கூட என்ன உதவி வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

யாரும் இல்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

தப்பு செய்தேன். நிரஞ்சன் கூடாது என்று சொன்னதை மீறி அரசூர் போனேன். தொட்டிச் சுவரை வெட்டி முடித்திருந்தார்கள். தண்டபாணி வேலையைக் காட்டினார். ஒழுங்காகத்தான் பேசினார்.

கிளம்பும்போது கேட்டேவிட்டேன். "ஒரு நாள் ஆபீஸ் பக்கம் வாங்களேன். ஏதாவது ஒண்ணு, சின்னதா இருந்தாலும் பரவாயில்லை."

புரிந்துகொண்டார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கு உதவி வேணும்னா கண்டிப்பா வர்றேனுங்க மேடம். உங்களுக்கு வேணும்னு வந்தா அது மறுபடியும் அந்த மஞ்சக் கதைதானுங்க" என்றார்.

சரியான பதில். வரும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன், பீளமேடு தாண்டியதும் என்னைத் திட்ட ஆரம்பித்தேன்.

ஏப்ரல் 16, புதன்

முந்தாநாள் சித்திரைக் கனி பார்த்ததை எழுத விட்டுப்போயிற்று. கண்ணாடி முன்னால் பழம், நகை, வேப்பம்பூ எல்லாம் வைத்திருந்தேன். கண்ணைத் திறந்ததும் வேலை போகக் கூடாது என்று கேட்கவில்லை. யாராவது வர வேண்டும் என்று கேட்டேன். இரண்டும் ஒன்றுதான் என்கிறார் இவர். ஒன்று இல்லை.

ஆடிட் பிரிவு மேனேஜர் வந்து எனக்கு எந்த ஜன்னல் பக்கம் வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மத்தியானம் மூன்றே கால். வாணி பாங்குக்குப் போயிருந்தாள். கதவை யாரோ பாதி திறந்து, உள்ளே வராமல் நின்றார்கள். ஷாகுல்.

"மேடம், வேலையா இருக்கீங்களா?"

"இல்லை. வாங்க."

கையில் ஒரு கட்டுப் பேப்பர். உட்கார்ந்ததும் அதைப் பிரித்து முதல் தாளிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். 28ஆம் தேதி புது சாஃப்ட்வேருக்கு மாற வேண்டும். குடோனில் இருக்கும் உதிரிப் பாகங்களின் எண்ணிக்கையும் கம்ப்யூட்டரில் இருக்கிற எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. பதினோராயிரம் அயிட்டத்தில் மூவாயிரம் தப்பு. இப்படியே மாறினால் திங்கட்கிழமையிலிருந்து எந்தப் பம்பையும் சரியாக அனுப்ப முடியாது.

ஆறே நாள் இருக்கிறது. எத்தனை நாளாகத் தெரியும், ஏன் முன்னாடியே வரவில்லை என்ற கேள்வி தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதைக் கேட்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மென்று முழுங்கினேன்.

"என்ன வேணும் ஷாகுல்?"

அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அதற்குப் பதில் அந்தப் பேப்பர்களில் இல்லை போலிருக்கிறது. அவற்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "எண்ணறதுக்கு ஆளு வேணுமுங்க. பத்துப் பேரு. அப்புறம் தேதியைப் பதினஞ்சு நாள் தள்ளோணும். எம்.டி.கிட்ட நான் மட்டும் போனா..."

"சேர்ந்து போலாம்."

போனோம். அவர் பேசினார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பதினைந்து நாள் கிடைத்தது. ஆட்களுக்கு ஒவ்வொரு பிரிவாக நானே போய் நின்று கேட்டு ஒன்பது பேரைப் பிடித்தேன். பத்தாவது ஆள் நான்.

ஷாகுல் கிளம்பும்போது மணி ஆறு. கதவருகே திரும்பி, "உள்ள வர்றதுக்கு முன்னாடி கீழ படிக்கட்டுலயே அரை மணி நேரம் நின்னேனுங்க மேடம்" என்றார்.

"அப்புறம் எப்படி வந்தீங்க?"

"தண்டபாணி சார்கிட்டப் போன வாரமே புலம்பினேன். 'நேராப் போய் மேடத்துகிட்டச் சொல்லு, கேட்டுக்குவாங்க'ன்னாருங்க."

அப்படியா என்றேன். சாதாரணமாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் போனதும் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். முகம் கழுவிவிட்டு வந்தபோது வாணி வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டாள். நாளைக் காலை எட்டு மணிக்குக் குடோனில் இருக்க வேண்டும், பழைய சுடிதார் போட்டுக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பினேன்.